ஆலை போன ஊருக்குச் சுற்றுலா சோறு போடுமா? மென்டசினோ கடற்கரை ஊர்கள்

வளைகுடாவாசி:
இங்கே பாதிப் பேர் நீண்ட வார இறுதி வந்தால் மென்டசினோ பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள், அதனால் இந்த இழை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே மூன்றரை மணி நேரம். 2020 கணக்கெடுப்புப்படி மென்டசினோ கவுண்டி (மாவட்டம்) முழுக்கவே சுமார் 91,600 பேர்தான். கடலோரத்தில் பெரிய ஊர் ஃபோர்ட் பிராக், அதுவே ஏறக்குறைய 7,000 பேர். அதற்குத் தெற்கே மென்டசினோ கிராமம், ஆயிரம் பேர்கூடத் தேறாது. ஆனால் கோடையில் ஒரு சனிக்கிழமை அறை தேடிப் பாருங்கள், வாடகையைக் கேட்டால் சான் ஃபிரான்சிஸ்கோவே மேல் என்று தோன்றும்.

2002இல் ஃபோர்ட் பிராக் மர ஆலையை மூடியபோது ஊர் அவ்வளவுதான் என்றார்கள். இன்றைக்கு ஆலை இருந்த இடத்தில் கடலோர நடைபாதை, குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், கடைத்தெருவில் கூட்டம். மரத்தை வெட்டி விற்பதைவிட நிற்கிற மரத்தைக் காட்டிக் காசு பார்ப்பது நல்ல வியாபாரம்தானே? சுற்றுலா அந்த ஊர்களைக் காப்பாற்றிவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

நொயோகரை:
மறுக்க ஒருத்தி இருக்கிறேன். சில வருடங்களாக ஃபோர்ட் பிராகில்தான் குடித்தனம். கணவருக்கு மருத்துவத் துறையில் வேலை, அதனால் வந்தோம்.

நீங்கள் பார்த்தது சனிக்கிழமை. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் பாதி உணவகங்களில் "வியாழன் முதல் ஞாயிறு வரை மட்டும்" என்று அட்டை தொங்கும். ஆள் வராததால் மட்டும் இல்லை, சமைக்கவும் பரிமாறவும் ஆள் கிடைக்காததாலும்தான்.

ஆலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஊர் 1889இல் நகராட்சி ஆனதே மரத்தால்தான். யூனியன் லம்பர் கம்பெனி ஊரையே கட்டியது, ரயில் பாதையையும் போட்டது. பிறகு அது பாய்ஸி காஸ்கேட் கைக்குப் போய், 1973இல் ஜார்ஜியா பசிபிக் வசம் வந்தது. ஊரின் மேற்கு ஓரம் முழுக்க, 400 ஏக்கருக்கு மேல், ஆலைக்குச் சொந்தம். நூறு வருடத்துக்கும் மேலாகக் கடலோரத்தில் இருந்துகொண்டே இந்த ஊர்க்காரர்களால் தங்கள் ஊருக்கு நேரே கடலைப் பார்க்க முடியவில்லை, நடுவில் வேலி. நீங்கள் சொன்ன நடைபாதையில் முதல் பகுதி 2015இல்தான் திறந்தது. அதில் எனக்கும் சந்தோஷம்தான், தினமும் நடக்கிறேன்.

ஆனால் ஆலை வேலைக்குச் சங்கம் இருந்தது, வருடம் பன்னிரண்டு மாதமும் சம்பளம் இருந்தது. ஒருவர் சம்பாதித்து வீடு வாங்கிய குடும்பங்கள் என் தெருவிலேயே இருக்கின்றன. இன்று ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற பெண் மாலையில் இன்னொரு கடையில் கல்லாவில் நிற்கிறாள். அப்படியும் அவளுக்கு வாடகை வீடு அகப்படவில்லை.

கணக்கன்:
நொயோகரை அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆலைக்காலத்தைப் பொற்காலமாக்க வேண்டாம். ஆலையை மூடியது சுற்றுலாப் பயணி இல்லை. நூறு வருடம் வெட்டியதில் பெரிய ரெட்வுட் மரங்கள் தீர்ந்தன, மிச்சமிருந்த சிறு மரங்களை அறுக்கக் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் புது இயந்திர ஆலைகள் போதும். அதனால்தான் லூயிசியானா பசிபிக் என்ற இன்னொரு மரக் கம்பெனியும் தன் காடுகளை விற்றுவிட்டுப் போனது. 1998இல் அதை வாங்கிய மென்டசினோ ரெட்வுட் கம்பெனி இன்றும் மரம் வெட்டுகிறது, அறுக்கும் ஆலை கவுண்டியின் தலைநகரான யூகாயாவில். கேப் துணிக்கடைக் குடும்பம்தான் அதன் முதலாளிகள், பலருக்குத் தெரியாது. ஆக, மரத்தொழில் சாகவில்லை. கடலோரத்தை விட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இன்னொன்று, ஆலை விட்டுப்போன நிலம் சும்மா பூங்காவாகிவிடவில்லை. ஆலைக் குளங்களில் டையாக்ஸின் கலந்த மண். அதைச் சுத்தம் செய்யும் வேலை மாநில நச்சுப்பொருள் துறை மேற்பார்வையில் இருபது வருடத்துக்கு மேல் இழுக்கிறது. நடைபாதை அழகாக இருக்கிறது, ஆனால் அதற்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் வெறும் தார் தளமாகக் கிடக்கிற பொட்டலைப் பார்த்தீர்களா வளைகுடாவாசி? ஆலை விட்ட சொத்து அது.

வளைகுடாவாசி:
பார்த்தேன். பார்க்கிங் என்று நினைத்துக்கொண்டேன் :)

சரி, வரி பற்றிச் சொல்லுங்கள். ஹோட்டல் பில்லில் ஒவ்வொரு தடவையும் தங்கல் வரி பிடிக்கிறார்கள். அது ஊருக்குத்தானே போகிறது?

கணக்கன்:
எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. ஃபோர்ட் பிராக் நகராட்சி, அங்கே வசூலாவது அங்கேயே இருக்கும். மென்டசினோ கிராமம் நகராட்சி இல்லை. ஊர் எல்லைப் பலகை உண்டு, தபால் நிலையம் உண்டு, மேயர் கிடையாது. அங்கே வசூலாகும் 10 சதவீதம் நேரே கவுண்டியின் பொதுக் கணக்குக்கு, மலைக்கு அப்பால் யூகாயாவுக்குப் போகிறது. கவுண்டியை ஆள்கிற மேற்பார்வையாளர்கள் ஐந்து பேர், அதில் கடலோரத்தைத் தொடும் தொகுதிகள் இரண்டு. சாலைக் குழியை அடைக்கச் சொல்லிக் கடலோரக்காரர்கள் மன்றாடுவதன் கதை இதுதான்.

சொத்து வரி இன்னும் வேடிக்கை. 1978இல் வந்த 13ஆம் பிரேரணைப்படி, வீடு வாங்கிய விலையில் அடிப்படை வரி 1 சதவீதம், மதிப்பை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. எண்பதுகளில் இரண்டாவது வீடாக வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ ஆசாமி கட்டுவது சொற்பம். நேற்று வாங்கிய பள்ளி ஆசிரியர் அதே தெருவில் பல மடங்கு கட்டுவார். அப்படிப்பட்ட இடத்தில் பயணி கொடுக்கும் 10 சதவீதத்தை விட்டால் கவுண்டிக்கு வேறு வழி குறைவு. அதனால்தான் ஹோட்டல்காரர்கள் பேச்சுக்கு அங்கே தனி மரியாதை.

நொயோகரை:
நிலத்தைப் பற்றியே பேசுகிறோம். கடல் பக்கம் வாருங்கள்.

வளைகுடாவாசி நினைப்பது போல "இயற்கையைக் காட்டிக் காசு" என்பது இங்கே பாறையையும் அலையையும் மட்டும் வைத்து நடந்ததில்லை. அபலோனிக்காக வந்தவர்கள்தான் எங்கள் பழைய சுற்றுலா. உள்ளங்கையைவிடப் பெரிய கடல் நத்தை. சிலிண்டர் மாட்டக்கூடாது, மூச்சை அடக்கி முங்கி, 7 அங்குலத்துக்குக் குறையாததைத்தான் எடுக்கலாம். ஏப்ரல் மாதம் தொடங்கினால் கூடாரம் போடும் இடம், விடுதி, பெட்ரோல் பங்க், முங்கு உடுப்புக் கடை எல்லாம் நிரம்பும். அதுவும் வெயிலே தெரியாத மூடுபனிக் காலத்தில், சாதாரணப் பயணி எட்டிப் பார்க்காத நாள்களில். வட கலிஃபோர்னியாவுக்கு அதன் மதிப்பு வருடம் 4.4 கோடி டாலர் என்று கணக்குச் சொல்வார்கள்.

2013இல் கடல் நட்சத்திரங்களுக்கு நோய் வந்தது. கை கையாகக் கழன்று கரைந்தே போயின. அவைதான் ஊதாநிறக் கடல் முள்ளெலிகளை (சீ அர்ச்சின்) தின்று கட்டுக்குள் வைத்திருந்தவை. அடுத்த வருடமே கடல் சூடேறியது, இரண்டு மூன்று வருடம் தணியவில்லை. முள்ளெலிகள் பெருகி, கெல்ப் என்கிற பெரிய கடற்பாசிக் காட்டை மொட்டையடித்தன. 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கெல்ப் போனால் அபலோனிக்குத் தீனி இல்லை. 2018 முதல் அபலோனி எடுக்கவே தடை. ஜப்பானுக்கு ஏற்றுமதியான சிவப்பு முள்ளெலித் தொழிலும் கூடவே படுத்தது. ஊதா முள்ளெலிகள் இன்னும் கீழே கோடிக்கணக்கில் இருக்கின்றன, பட்டினியில் உள்ளே சதையே இல்லாமல். விற்கவும் முடியாது, சாகவும் மாட்டா.

அப்புறம் சால்மன். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளும் கலிஃபோர்னியாக் கடலில் வணிகத்துக்குச் சால்மன் பிடிக்கத் தடை. நண்டு சீசனையும் வலையில், மன்னிக்கவும், பொறிக் கயிற்றில் திமிங்கலம் மாட்டுகிறது என்று வருடா வருடம் தள்ளிப்போடுகிறார்கள். திமிங்கலத்தைக் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் சந்தையை விட்ட படகுக்காரர் தவணையை எதை வைத்துக் கட்டுவார்? எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகமான நொயோ துறையில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் படகுகளைப் பயணிகள் அழகாகப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவை கடலுக்குப் போகாததால்தான் அங்கே கட்டிக்கிடக்கின்றன.

தூத்துக்குடி_கப்பல்:
அக்கா, தொடர்பில்லாத கேள்வி. கண்ணாடிக் கடற்கரையில் பொறுக்கிக்கொண்டு வரலாமா? பொண்ணு ஒரு பை நிறைய வேண்டும் என்கிறாள்.

நொயோகரை:
வேண்டாம் தம்பி. அது மாநிலப் பூங்காவின் பகுதி, எடுப்பது சட்டப்படி தப்பு. 1967 வரை ஊர்க் குப்பையைக் கடலில் கொட்டிய இடம் அது. பாட்டில், பழைய கார் விளக்கு எல்லாம் அலையில் உரசி வழவழப்பான மணிகளாயின. இப்போது குப்பை கொட்டுவதில்லை, ஆளுக்கொரு பை அள்ளியும் போய்விட்டார்கள், அதனால் முன்பு போல இல்லை. போய்ப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று இணையத்தில் ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களும் இவர்களேதான்.

மலையடிவாரம்:
வில்லிட்ஸ் பக்கம் இருக்கிறேன், சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை. இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், கவுண்டியில் புத்தகத்தில் ஏறாமல் ஓடிய தொழிலை யாருமே வாயெடுத்துச் சொல்லவில்லையே!

கஞ்சா. ஹம்போல்ட், மென்டசினோ, டிரினிட்டி மூன்று கவுண்டிகளையும் சேர்த்து மரகத முக்கோணம் என்பார்கள். ஆலைகள் மூடிய காலத்தில் மலைக்குள் இருந்து வந்த ரொக்கம்தான் ஊர்க்கடைகளைத் தாங்கியது. இரும்புக்கடை, உரக்கடை, பிக்கப் வண்டி விற்பவர், இலையுதிர் காலத்தில் பூ நறுக்க வரும் இளைஞர்களால் உணவகம். எதுவும் சுற்றுலாக் கணக்கிலும் வராது, வேளாண் கணக்கிலும் வராது.

2016இல் மக்கள் வாக்களித்துச் சட்டபூர்வமாக்கினார்கள், 2018 ஜனவரியில் கடை விற்பனை தொடங்கியது. நியாயப்படி இந்த மாவட்டங்கள் கொழித்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். உரிமம், தண்ணீர் அனுமதி, சுற்றுச்சூழல் ஆய்வு என்று சிறு விவசாயி காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தெற்கே பெரிய பசுங்குடில்களில் டன் கணக்கில் விளைந்து விலை விழுந்தது. மாநில அரசு 2022இல் சாகுபடி வரியை எடுத்தும் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. என்னிடம் கணக்கு எழுதிய கடைகளில் சில இப்போது இல்லை. கடைக்காரர்கள் "சுற்றுலா மந்தம்" என்று சொல்வதில் ஒரு பங்கு இந்தப் பணம் நின்றதுதான். நான் பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

வளைகுடாவாசி:
இது நான் யோசிக்காத கோணம். ஆனாலும் கேட்கிறேன்: மரம் போச்சு, மீன் போச்சு, கஞ்சாவும் போச்சு. மிஞ்சியது சுற்றுலா. அப்படியானால் அதை இன்னும் பெருக்குவதுதானே வழி? ஹோட்டல் கட்டுங்கள், ஆண்டர்சன் பள்ளத்தாக்கில் நல்ல பினோ நுவார் (ஒயின் திராட்சை) விளைகிறது, திராட்சைத் தோட்டச் சுற்றுலாவைக் கடலோரத்தோடு இணையுங்கள். நாபாவில் நடக்கவில்லையா?

நொயோகரை:
தண்ணீர் எங்கே?

2021 வறட்சியை மறந்துவிட்டீர்கள். மென்டசினோ கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. வீட்டுக்கு வீடு, விடுதிக்கு விடுதி கிணறு. அந்தக் கோடையில் கிணறுகள் வறண்டன. லாரித் தண்ணீர் வாங்கினார்கள், அதைக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபோர்ட் பிராக், தன் கையே வறண்டதால் வெளியே விற்பதை நிறுத்தியது. யூகாயாவிலிருந்து மலை ஏறி லாரி வர வேண்டியதாயிற்று. சில கடைகளில் கழிப்பறையைப் பூட்டிவிட்டு வாசலில் தற்காலிகக் கழிப்பறை வைத்தார்கள். நாங்கள் ஊருக்குள் எடுக்கும் நொயோ ஆற்றிலும் நீர் வரத்து குறைந்து, பெரிய ஓதம் வரும்போது கடல்நீர் உள்ளே ஏறியது. நகராட்சி அவசரமாக உப்பு நீக்கும் இயந்திரம் வாங்கி வைத்தது. அறைக்கு முன்னூறு டாலர் கொடுத்த விருந்தாளியிடம் "குளியலைச் சுருக்குங்கள்" என்று சீட்டு எழுதி வைத்த ஊர் சார் இது. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவள் நான், அமெரிக்காவில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

கணக்கன்:
நாபாவை உதாரணம் காட்டாதீர்கள். நாபா, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து ஒரு மணி நேரம், காலையில் போய் மாலை திரும்பலாம், வேலைக்கும் ஆள் பக்கத்து ஊர்களிலிருந்து வரும். ஃபோர்ட் பிராகுக்கு 20ஆம் நெடுஞ்சாலையில் வளைந்து வளைந்து வாந்தி எடுத்துக்கொண்டே போக வேண்டும். வேலையாள் தினமும் அப்படி வர மாட்டார். அவரை ஊருக்குள் குடிவைத்தாக வேண்டும். எனவே இது வீட்டுப் பிரச்சினை.

நாலுமூலைக்கடை:
வீட்டுப் பிரச்சினைக்கு எங்களைப் போல விடுமுறை வாடகைக்கு விடுகிறவர்களைத் திட்டுவது ஃபேஷன். நானும் என் அண்ணனும் சேர்ந்து கடலோரத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறோம். தங்கல் வரி ஒழுங்காகக் கட்டுகிறோம். சுத்தம் செய்பவர், தோட்டக்காரர், பிளம்பர் மூவருக்கும் வேலை. நாங்கள் வாங்காவிட்டால் அந்த வீடு பூட்டித்தான் கிடக்கும். நீண்ட கால வாடகைக்கு விட்டால் எங்கள் தவணையில் பாதி வராது. இதில் என்ன பாவம்?

நொயோகரை:
பாவம் என்று யாரும் சொல்லவில்லையே. ஆனால் நீங்கள் சொன்ன அந்த மூவர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என்னோடு பேசும் ஒரு பெண், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம், மூன்று குடும்பமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவர் சுத்தம் செய்கிற வீடுகளில் வாரத்தில் நாலு நாள் ஆளே இல்லை.

இதை முன்னாலேயே உணர்ந்தவர்கள் மென்டசினோ கிராமத்தார். நிரந்தரக் குடிகள் வாழும் 13 வீட்டுக்கு ஒன்று என்கிற விகிதத்தில்தான் விடுமுறை வீடு என்று பல வருடம் முன்பே ஊர்த்திட்டத்தில் எழுதினார்கள், பிறகு எண்ணிக்கைக்கு உச்சவரம்பே வைத்தார்கள். எழுபதுகளில் கடல்முனையில் வீடு கட்ட விடாமல் போராடி அதை மாநிலப் பூங்காவாக்கியவர்களும் அவர்கள்தான். அதனால்தான் இன்றும் பழைய மரவீடுகளும் தண்ணீர்க் கோபுரங்களுமாய் ஊர் உருக்குலையாமல் நிற்கிறது. ஒரு பிரபல துப்பறியும் தொடரில் மெயின் மாநிலத்து ஊராக வந்ததும் அந்த முகத்தை நம்பித்தான்.

கணக்கன்:
அதற்கு மறுபக்கமும் இருக்கிறது அக்கா. அதே பாதுகாப்புணர்வுதான் புது வீடே கட்ட விடாமலும் செய்கிறது. 1976 கடற்கரைச் சட்டம், கடற்கரை ஆணையத்தின் அனுமதி, தண்ணீர் இணைப்பு இல்லை, பார்வை மறைகிறது என்று ஆட்சேபணை. நாலு மாடி வேண்டாம், நர்ஸும் சமையல்காரரும் இருக்க இரண்டு மாடிக் குடியிருப்பு என்றாலும் விசாரணைக்குக் கூட்டம் கூடும். வாடகை வீட்டுக்காரர் பாதி, வேலி போட்டவர் பாதி, பழியை இருவருக்கும் பகிருங்கள்.

நொயோகரை:
ஒப்புக்கொள்கிறேன். நர்ஸ் என்றதும் ஒன்று. 2020இல் ஃபோர்ட் பிராக் மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள். இந்தக் கடலோரப் பெண் பிள்ளை பெற மலை தாண்டி யூகாயா போக வேண்டும், ஒன்றரை மணி நேரம். பிரசவம் குறைவு, ஆள் பற்றாக்குறை, நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். இளம் குடும்பங்கள் தங்க இடம் இல்லாத ஊரில் பிரசவம் குறையத்தானே செய்யும்? வேலைக்கு ஒப்புக்கொண்டு, வீடு கிடைக்காமல் திரும்பிப் போன மருத்துவப் பணியாளர்களை என் கணவர் கண்ணால் பார்த்திருக்கிறார். வளைகுடாவாசி கேட்டதற்கு என் பதில் இதில் இருக்கிறது. பயணி வருவதால் ஊருக்கு நஷ்டம் என்று நான் சொல்லவில்லை. அவர் தரும் பணம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் வருகிறது, அறையைக் கூட்டுகிறவருக்கு வீடாக மாறுவதில்லை.

மலையடிவாரம்:
ஸ்கங்க் ரயில் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், அது இல்லாமல் இந்த இழை முடியாது.

கணக்கன்:
சுருக்கமாக. மரம் இழுக்க 1885இல் தொடங்கிய பாதை, 1911இல் வில்லிட்ஸ் வரை 40 மைல் நீண்டது. இன்று சுற்றுலா ரயில். 2013இல் முதல் சுரங்கம் சரிந்தது, சில வருடத்தில் மறுபடியும் அடைத்துக்கொண்டது, அதனால் கடலிலிருந்து மலை வரை முழுப்பயணம் இல்லை. ஃபோர்ட் பிராகிலிருந்து சிறு தூரம் போய்த் திரும்புகிறார்கள், தண்டவாளத்தில் மிதிக்கும் சைக்கிளும் உண்டு. இதுவரை சரி. 2021இல் அந்த ரயில் நிறுவனம் ஆலை நிலத்தின் பெரும்பகுதியை வாங்கியது. நகராட்சியும் பல வருடமாக அதன் மீது கண் வைத்திருந்தது. எங்களுக்கு ரயில்வே என்ற தகுதி உண்டு, உள்ளூர் அனுமதி தேவையில்லை என்று நிறுவனம் சொல்ல, நகராட்சி நீதிமன்றம் போனது. ஊரின் அடுத்த ஐம்பது வருடம் அந்தப் பொட்டலில் என்ன கட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. அதில் வீடு எத்தனை, ஹோட்டல் எத்தனை என்பதுதான் சண்டை.

நாலுமூலைக்கடை:
அங்கே வீடு கட்டினால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். சத்தியமாக.

நொயோகரை:
எழுதி வைத்துக்கொள்கிறேன் :) விசாரணைக்கு வாருங்கள், பேசுவதற்கு மூன்று நிமிடம் தருவார்கள்.

இன்னொன்று சேர்க்கிறேன். சுற்றுலா, ஆலை என்று இரண்டே வழிதான் என்பதில்லை. நார்த் கோஸ்ட் ப்ரூயிங் 1988இலிருந்து இங்கே பீர் காய்ச்சி வெளியூருக்கு அனுப்புகிறது. தேங்க்ஸ்கிவிங் காஃபி 1972இலிருந்து கொட்டை வறுக்கிறது. பயணி வராத பிப்ரவரியிலும் அங்கே சம்பளம் உண்டு. 1988இல் இந்தக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட மத்திய அரசு வந்தபோது ஊரே திரண்டு விசாரணையில் எதிர்த்தது. அன்று வேண்டாம் என்றவர்கள் தப்பு செய்யவில்லை. ஆனால் அதன் பிறகு எது வேண்டும் என்று அதே அளவு கூட்டம் கூடிப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

வளைகுடாவாசி:
என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன், முழுக்க விடமாட்டேன். பயணியும் வராவிட்டால் அந்தக் கடைத்தெரு என்ன ஆகும் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சரி, வரப்போகிறவன் என்ற முறையில் கேட்கிறேன், ஊருக்கு உதவுகிற மாதிரி எப்படி வருவது?

நொயோகரை:
ஜனவரி, பிப்ரவரியில் வார நடுவில் வாருங்கள். சாம்பல் திமிங்கலங்கள் கரையோரமாகப் போகும், அறையும் மலிவு. வீட்டு வாடகைக்குப் பதில் விடுதியில் தங்குங்கள். சீசன் திறந்திருந்தால் நொயோ துறையில் படகிலிருந்தே நண்டு விற்பார்கள், பெட்டியும் பனிக்கட்டியும் கொண்டுவாருங்கள், ரொக்கமும். அறை சுத்தம் செய்பவருக்கு டிப்ஸைத் தலையணை மேல் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மழைக்காலத்தில் 128ஆம் நெடுஞ்சாலை வழியாக வருவதென்றால் கிளம்புமுன் சாலை நிலவரம் பாருங்கள். நவாரோ ஆறு ஏறினால் கடலோரம் சேருமுன்பே மூடிவிடுவார்கள். அப்போது வில்லிட்ஸ் வந்து 20ஆம் சாலையில்தான் இறங்க வேண்டும். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.